வாயில் தேடி வரும் மருத்துவம்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கண்ட உண்மை.

1946-ஆம் ஆண்டில் சர் ஜோசப் போர் என்பார் தலைமையில் அமைந்த குழு, நாட்டுப்புறங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேண்டும் என அறிவுறுத்தியது. பின்னர் அவை பல ஊர்களில் தோன்றின. பெரியம்மை ஒழிந்தது; மக்களின் ஆயுளும் நீண்டது. ஆயின், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பெருகின. காய்ச்சல் சில நாளில் நீங்கும். இவையோ வாழ்நாள் முழுதும் தொடர்வன. விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற சிற்றூர்களில் வாழும் உழைப்பாளி, மாத்திரை பெறச் செல்லும் நாளில் கூலியை இழக்க நேரிடும். அதற்கு அஞ்சி அவர் மருந்தை நிறுத்திவிடின், கண்ணும் சிறுநீரகமும் ஓசையின்றிக் கெடும்.

இக்குறையைப் போக்கத் தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி, பயிற்சி பெற்ற மகளிர் இல்லந்தோறும் சென்று இரத்த அழுத்தத்தை அளந்தனர், மாத்திரைகளை வழங்கினர். நடக்க இயலாதோருக்கு இயன்முறை மருத்துவமும், நோய் முற்றியோருக்கு வலி தணிக்கும் மருத்துவமும் வீட்டிலேயே கிடைத்தன.

முதியோர் பெருகும் நாளைய உலகிற்குக் கட்டடங்கள் மட்டும் போதா. வள்ளுவர் கூறிய பேணுபவர் ஒவ்வொரு வாயிலுக்கும் வருதல் வேண்டும்.