நாணும் உடுவும்

வில்லும் அம்பும் தமிழிலக்கியம் பயில்வார்க்குப் புதியன அல்ல. நிகண்டுகள் வில்லுக்கும் நாணுக்கும் அம்புக்கும் பல பெயர்களைத் தொகுத்துத் தருகின்றன. மாணவரும் அவற்றை மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். எனினும், 'உடு' என்பதன் பொருள் யாதென வினவின் 'விண்மீன்' என்னும் விடையே பெரும்பாலும் வரும். அம்பின் அடியில் நாணைக் கொள்ளுதற்பொருட்டு அமைந்த பிளவுக்கும் உடு என்பது பெயர். வில்லின் முனையில் நாணை மாட்டும் வெட்டோ குதை எனப்படும். பொருள் கண்ணுக்கு மறைந்தமையின் சொல்லும் வெற்றொலியாயிற்று. உடுவானது நாணில் எவ்விடத்துப் பொருந்தல் வேண்டும், அவ்விடத்தை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பவற்றை விளக்குதலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. நாண்

அர்த்தசாத்திரம் மூர்வை, எருக்கு, சணல், மூங்கில் முதலியவற்றின் நாரையும் விலங்கின் நரம்பையும் நாணுக்கு உரியனவாகக் கூறும்; வில்லுக்குரிய பொருள்களுள் பனையையும் சேர்க்கும். மூர்வையே தமிழில் மரல் எனவும் மருள் எனவும் வழங்குவது. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் ஒருவன் துளையுள்ள குமிழங் கொம்பில் மரல்நார் நரம்பைக் கட்டி வில்யாழ் செய்கின்றான். காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளார் 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலில் அவ்வில்யாழை ஆராய்ந்துள்ளார். வேட்டைக்கு உதவிய நாரே இசைக்கும் உதவிற்று.

இக்காலத்தார் டாக்ரான் என்னும் செயற்கை இழைகளை முறுக்கித் தேன்மெழுகு பூசி நாண் செய்வர். நாணின் நடுப்பகுதி விரலாலும் உடுவாலும் தேயாதவாறு அதன்மேல் நூலை நெருக்கமாகச் சுற்றுவர். புதிய நாண் சிறிது நீளும் இயல்பினது. நாண் நீளின், வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையேயுள்ள தூரம் குறையும்; குறித்த இடமும் பிறழும். ஆதலின் முதலில் தற்காலிகமாக ஒரு நூற்கட்டு இட்டு, இருபது முப்பது அம்புகளை எய்து, நாண் நிலைபெற்ற பின்னரே நிலையான இடத்தைக் குறித்தல் வேண்டும்.

2. இடம்

அம்பு வில்லின்மேல் தங்கும் இடத்திலிருந்து நாணுக்குச் செங்கோணமாக ஒரு கோடு செல்வதாகக் கொள்க. தச்சரிடமுள்ள மூலைமட்டத்தை நாணோடு பொருத்தி வைத்து இக்கோடு நாணைத் தொடும் புள்ளியைக் காணலாம். அம்பை அப்புள்ளியிலேயே தொடுத்தல் தகாது. அதற்குச் சற்று மேலே தொடுத்தல் வேண்டும். தச்சர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுப்பர். அவ்வளவையால் இரண்டு நூல் முதல் நான்கு நூல் வரை மேலே வைப்பது பொதுவழக்கு.

மேலே வைப்பதன் காரணம் யாதெனின், இடம் தாழ்ந்ததாயின் அம்பின் அடியும் இறகும் தங்குமிடத்தில் மோதி எழும். அம்பு மேலுங் கீழுமாக அசைந்து செல்லும். தங்குமிடம் கையேயாயின் இறகு கையையும் கீறும். ஆயின் அளவு எல்லார்க்கும் ஒன்றன்று. அம்புக்கு மேலே ஒரு விரலும் கீழே இரு விரலும் வைத்து இழுப்பார்க்கு வேண்டுவதினும், மூன்று விரலையும் கீழே வைப்பார்க்குச் சிறிது உயரமாக வேண்டும்.

3. கட்டு

குறித்த இடத்தில் அடையாளம் அமைக்கப் பித்தளை வளையத்தை நெரித்து மாட்டுவாரும் உளர். அது விரைவில் முடியும். ஆனால் நாணுக்குப் பாரமாகும், கையுறையையும் தேய்க்கும். மெழுகிட்ட பருத்திநூல் அல்லது பட்டுநூலாற் கட்டுவதே மரபு வில்லுக்கு ஏற்றது. நூலை நாணின் முன்புறம் ஒரு முடிச்சும் பின்புறம் ஒரு முடிச்சுமாக மாறிமாறி ஐந்தாறு முறை இறுக்குக. வாவிக்கரையில் தூண்டிலை நூலாற் சுற்றிக் கட்டிப் பழகிய கைக்கு இஃது எளிது. இக்கட்டைத் திருகின் சுற்றின் வழியே மேலும் கீழும் நகரும். சரியான இடம் தெரிந்தபின் பசையிட்டு நிலைப்படுத்தலாம்.

உடு மேற்கட்டின் கீழே அமரும். அம்பு கீழே வழுவாதிருக்க உடுவின் கீழும் ஒரு கட்டு இடலாம். இடின், இரண்டுக்கும் நடுவே உடுவின் அகலத்தினும் சிறிது கூடுதலாக இடைவெளி விடுக. நாணை முழுதும் இழுக்குங்கால் அது கோணமாக மடியும். இடைவெளி இல்லையேல் உடு நெரிபடும்.

4. சோதனை

முதலாவது, நாண் தரைக்கு ஒப்ப நிற்கும்படி வில்லைப் பிடித்து, அம்பை உடுவால் நாணிலே தொங்கவிடுக. அம்பு தானாக விழலாகாது. நாணை விரலால் மெல்லத் தட்டின் விழல் வேண்டும். விழாதாயின் நாணின் சுற்று தடித்தது. மெல்லிய நூலால் மீளச் சுற்றுக. தானே விழின் தடித்த நூல் கொள்க. இதனை அற்பமாக எண்ணற்க. தளர்ந்த உடு நாணைவிட்டு வழுவிய வேளையில் நாணை விடுவோமாயின், அம்பைச் செலுத்த வேண்டிய ஆற்றல் வில்லையே தாக்கும். வில் முறிந்து எய்வோனுக்கு ஊறு நேரும்.

இரண்டாவது, இறகில்லாத அம்பொன்றைப் பத்தடி தூரத்திலிருந்து, தோள் உயரத்தில் வைத்த இலக்கின்மீது எய்க. தைத்த அம்பின் அடி உயர்ந்து நிற்பின் கட்டு மிக மேலே உள்ளது. தாழ்ந்து நிற்பின் கட்டு கீழே உள்ளது. கட்டு மிகத் தாழ்ந்தவிடத்தும் அம்பு தங்குமிடத்தில் மோதி அடி உயர்ந்து தோன்றுதல் உண்டு. ஆகலின் மேலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் கீழே இறக்குவதே மயக்கமற்ற முறை. ஆசிரியரின் மேற்பார்வையின்றி மாணவர் இதனைச் செய்தல் கூடாது.

முடிவுரை

1681இல் வெளிவந்த தமது நூலில் றொபேட் நொக்ஸ் இந்நாட்டு வேடரைப்பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். வேடர் இரவிலே கொல்லன் பட்டடைக்கு இறைச்சியைக் கொணர்ந்து தூக்கிவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவாக வெட்டிய இலையையும் வைத்துச் செல்வராம். ஒரு சொல்லும் பேசாமலே அவர் தம் கருத்தைக் கொல்லனுக்கு உணர்த்தினர். அவரிடம் சொல்லின்றியும் பொருள் இருந்தது; நம் வகுப்பறையில் பொருளின்றிச் சொல் இருக்கின்றது. இராமன் கதையோடு கர்ணபரம்பரையாகத் தொடர்புற்ற மாமாங்கத் தீர்த்தத்தின் அயலிலே வாழும் நாம், வடமோடிக் கூத்தில் வில்லேந்திய வீரரைக் கண்டு வளர்ந்த நாம், இக்குறையைப் பொறுத்தல் தகுமோ?

பழைய மாணவருள் தச்சரும் கொல்லரும் மீன்பிடித் தொழிலரும் பலர். அவர்கள் ஆண்டுக்கொரு நாளாவது கல்லூரிக்கு வந்து, தம் கருவிகளின் உறுப்புக்களைக் காட்டிப் பெயர் சொல்லித் தருவாராயின், நூறு நாள் மனனஞ் செய்து பெறாத தமிழறிவை நம் மாணவர் ஒரு நாளிற் பெறுவர். விழாக் காணும் கல்லூரிக்கு அதனினும் சிறந்த காணிக்கை பிறிதில்லை.