வழக்கறிஞரும் முடிதிருத்துநரும்

1893ஆம் ஆண்டு வழக்கொன்றின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள், பின்னர் ஜோகன்னஸ்பர்க் நகரில் வழக்கறிஞராக விளங்கி நல்ல வருவாயும் மதிப்பும் பெற்றார். 1904ஆம் ஆண்டு அங்கிருந்து டர்பனுக்குத் தொடர்வண்டியில் புறப்பட்டபோது, நண்பர் போலக் அவருக்கு ஜான் ரஸ்கினின் 'அன்டு திஸ் லாஸ்ட்' என்னும் நூலை அளித்தார். அன்றிரவு அடிகளுக்கு உறக்கம் வரவில்லை. வழக்கறிஞர் பணிக்கும் முடிதிருத்துநர் பணிக்கும் மதிப்பு ஒன்றே. உழவரும் கைவினைஞரும் வாழும் உழைப்பு வாழ்வே வாழத்தக்கது என்னும் கருத்துகள் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன.

எண்ணத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்வாண்டே டர்பனுக்கு அருகிலுள்ள பீனிக்சில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கி, 'இந்தியன் ஒப்பீனியன்' இதழின் அச்சகத்தை அங்கு மாற்றினார். தமிழிலும் வெளிவந்த இதழ் அது. அங்குள்ளோர் அனைவரும் நிலத்தில் உழைத்து, நிறமும் நாடும் பாராது மாதம் 3 பவுண்டு என ஒரே ஊதியம் பெறவேண்டும் என்பது அவர் வகுத்த நெறி.

அங்கு முதல் இதழ் அச்சான இரவில் எண்ணெய்ப்பொறி இயங்க மறுத்தது. உறங்கிக்கொண்டிருந்த தச்சர்களும் எழுந்து கைகொடுத்தனர். அடிகளும் அவர்களும் முறைமாற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினர். இதழ் உரிய நேரத்தில் வெளிவந்தது.

வழக்கறிஞர் பணியின் பொருட்டு அடிகள் மீண்டும் ஜோகன்னஸ்பர்க் செல்ல நேர்ந்தது. பீனிக்சில் நிலையாகத் தங்க இயலவில்லை. எனினும், எத்தொழிலும் இழிவன்று என அன்றிரவு கைகள் கற்ற பாடம் அவருடன் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.