இரண்டாவது இயக்கி எங்கே?



மறைந்த எங்கள் இசையாசிரியையின் குரல் பதிந்த ஒரே குறுந்தகட்டில் கீறல்கள் விழத் தொடங்கின. அதை நேராகப் படியெடுக்க, பள்ளியின் பழைய கணினியில் இரண்டாவது குறுந்தகட்டு இயக்கியைப் பொருத்தினோம். கணினியோ ஒன்றை மட்டுமே காட்டியது!

மனந்தளராமல் ஒவ்வொன்றாக ஆராய்ந்தோம். பொத்தானை அழுத்தியதும் இயக்கியின் தட்டு வெளியே வந்தது. எனவே மின்சாரம் வருகிறது. கணினி தொடங்கும்போது தோன்றும் பயாஸ் திரையிலும் இரண்டாவது இயக்கியைக் காணோம். எனவே குறை விண்டோஸில் இல்லை, இணைப்பில்தான்.

ஐ.டி.இ. முறையில் ஒரே பட்டைக் கேபிளில் இரண்டு இயக்கிகளை இணைக்கலாம். ஆனால் ஒன்று ‘மாஸ்டர்’, மற்றொன்று ‘ஸ்லேவ்’ என்று இருத்தல் வேண்டும். இயக்கியின் பின்புறமுள்ள ‘ஜம்பர்’ என்னும் சிறு செருகியே இதைத் தீர்மானிக்கிறது. எங்களுடையவை இரண்டுமே ‘மாஸ்டர்’! ஒரே வீட்டில் இரண்டு தலைவர்கள் இருந்தால் என்னாகும்?

கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றிய பின், புதியதன் ஜம்பரை ‘ஸ்லேவ்’ நிலைக்கு மாற்றினோம். இரண்டும் தோன்றின! சாட்டா முறையில் ஒவ்வோர் இயக்கிக்கும் தனிக் கேபிள் உண்டு. ஆகவே இத்தொல்லை இல்லை.

அன்று மாலை புதிய தகட்டில் ஆசிரியையின் குரலைக் கேட்டோம். பதறாமல் படிப்படியாகத் தேடினால் குறை அகப்படும் என்பதையும் கற்றோம்.