பிசுபிசுக்கும் ஃபெராரி பட்டன்கள்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

1999-இல் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான ஃபெராரி 360 மொடேனாவின் 3.6 லிட்டர் வி8 இன்ஜின் இன்றும் மிரட்டும். ஆனால் ஜன்னலை இறக்க ஸ்விட்சைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும். ஏசி பட்டன், காற்றுத் துவாரச் சட்டம், நடுக் கன்சோல் என்று கைபடும் இடமெல்லாம் பலாப்பிசின் தடவியதுபோல் இருக்கும். அதே காலத்து மசெராட்டிகளிலும் இதே கதைதான். அப்போது அந்த நிறுவனம் ஃபெராரியின் கையில் இருந்தது.

இது அழுக்கில்லை. கடினமான பிளாஸ்டிக் தொடுவதற்கு மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே பாலியூரித்தேன் பூச்சு கொடுத்தார்கள். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பூச்சின் வேதிப் பிணைப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்துகிறது. ஓட்டாமல் ஷெட்டில் பூட்டி வைத்த காரும் தப்பாது. பழைய நிக்கான் எஃப்100 கேமராவின் பின்கதவு ஒட்டுவதும் இதே வகைக் கோளாறுதான். கெட்டுப்போன பூச்சைக் காப்பாற்ற வழியில்லை, உரித்தெடுக்கத்தான் வேண்டும். காப்பாற்ற வேண்டியது பட்டன் மேலுள்ள குறியீடுகளை.

செய்ய வேண்டியவை

● இரவில் விளக்கைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான். பட்டனிலுள்ள குறியீடு உள்ளிருந்து ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் வெளிர்நிறப் பிளாஸ்டிக் மேல் கறுப்புப் பூச்சடித்து, குறியீட்டு வடிவில் லேசரால் சுரண்டப்பட்டதாக இருக்கும். அங்கே பூச்சுதான் குறியீடு. பூச்சை எடுத்தால் பட்டன் முழுக்க வெளிறி, வெளிச்சம் எல்லாப் பக்கமும் கசியும். இத்தகைய பட்டன்களை, மறுபூச்சுக் கொடுத்து லேசரில் வெட்டித்தரும் பட்டறைக்கு அனுப்புவதே மேல். ஒளிராமல் மேலே அச்சடித்த வெள்ளைக் குறியீடு என்றால் நீங்களே எடுக்கலாம். ஆனால் அதுவும் பூச்சோடு போய்விடும். அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக்கொண்டால் பிறகு டெக்கால் அடித்து ஒட்ட உதவும்.

● பேட்டரி இணைப்பைக் கழற்றுமுன் ரேடியோ கோட் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் பக்கம் கைவைப்பதாக இருந்தால், இணைப்பைக் கழற்றிய பின் ஏர்பேக்குக்காகக் கையேடு சொல்லும் நேரம்வரை கட்டாயம் காத்திருங்கள்.

● முதலில் ஆஷ்டிரே மூடி போல, கெட்டாலும் மனம் பதறாத சின்னத் துண்டில் சோதியுங்கள்.

● ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நைட்ரைல் கையுறை, திறந்த ஜன்னல், பொறுமை: இவ்வளவுதான் முதலீடு. துணியை நனைத்துப் பூச்சின் மேல் சில நிமிடம் போட்டு வையுங்கள். மேற்பரப்பு சுருங்கி நெளியத் தொடங்கும். அப்போது பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் தள்ளினால் கறுப்புச் சுருளாக வரும். மூலைகளுக்குப் பஞ்சுக்குச்சி. துணி கறுத்ததும் பக்கத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் எடுத்த பிசினையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பழைய பருத்தி வேட்டித் துண்டு நன்றாக வேலை செய்யும். மைக்ரோஃபைபர் துணியின் இழைகள் பிசினில் சிக்கி இன்னொரு தலைவலி.

● துண்டுகளைக் கழற்றாமல் வேலை செய்வதென்றால் சுற்றியுள்ள தோலை மாஸ்கிங் டேப்பும் துணியும் போட்டு மூடுங்கள். ஆல்கஹால் பட்டால் தோலின் சாயம் போய்விடும்.

● உரித்தபின் சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலரவிட்டு, வெறும் பிளாஸ்டிக்கையே ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கீழேயுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் பல இடங்களில் கண்ணுக்கு நன்றாகவே இருக்கும். என்னைக் கேட்டால் அப்படியே விட்டுவிடலாம். பெயிண்ட் வேண்டுமென்றே இருந்தால், பிளாஸ்டிக் பிரைமருக்கு மேல் பளபளப்புக் குறைந்த கறுப்பு, மெல்லிய படலங்களாக. பட்டனின் பக்கவாட்டில் தடிப்பாக அடித்தால், அழுத்திய பட்டன் மேலே வராது.

செய்யக்கூடாதவை

● அசிட்டோன், தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அசிட்டோனும் தின்னரும் பூச்சோடு அடியிலுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். பெட்ரோல் தீ ஆபத்து. நாற்றமும் உட்புறத்தை விட்டுப் போகாது. ஐசோபுரொப்பைலும் தீப்பற்றக்கூடியதுதான், பக்கத்தில் சிகரெட் கூடாது.

● அடுப்புக் கறை நீக்கும் காரத் திரவத்தைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பூச்சு போகும் என்பது உண்மைதான். கூடவே அலுமினியப் பட்டையின் மெருகும் பக்கத்துத் தோலும் போகும்.

● ஸ்விட்ச் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். கரைந்த பிசின் உள்ளே இறங்கித் தொடுமுனைகளில் படிந்தால் ஜன்னல் பாதியில் நிற்கும்.

● இருபது வயது தாண்டிய பிளாஸ்டிக் கொக்கிகளை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், படக்கென்று ஒடியும். பிளாஸ்டிக் நெம்புகோல் மலிவு.

● டால்கம் பவுடர் தூவிச் சமாளிக்காதீர்கள். சில நாள் ஒட்டாது, பிறகு சாம்பல் நிறத்தில் ஒட்டும். பழைய ஃபெராரி வாங்கப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கன்சோல் சற்று வெளிறி, மாவு பூத்ததுபோல் தெரிந்தால் நகத்தால் ஓரத்தில் மெல்ல அழுத்திப் பாருங்கள். பிறைத் தடம் விழுந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அதற்காகக் காரையே வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை.

● சிலிக்கோன் கலந்த டேஷ்போர்டு பாலிஷைப் போடாதீர்கள். பிறகு அடிக்கும் பெயிண்ட் பிடிக்காமல் குழிகுழியாக விலகும்.

● கழற்றிய துண்டுகளைப் பூச்சோடு செய்தித்தாளில் சுற்றி வைக்காதீர்கள். மறுநாள் தாளைப் பிய்க்கும் வேலை தனியாக வந்து சேரும்.

● "இன்னும் பிரிக்காத ஒரிஜினல் பார்ட்" என்று யாராவது நீட்டினால் மயங்கிவிடாதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சுதான் அதிலும் இருக்கும். பெட்டிக்குள் இருந்தாலும் அதற்கும் வயதாகியிருக்கும். வாங்குவதாக இருந்தால் பெட்டியைத் திறந்து, விரலால் தொட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.