யானைப் போரும் சருகுமானும்

மலாய் மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. யானையோடு யானை பொருதால் நடுவில் அகப்பட்ட சருகுமான் மடியும் என்பது அதன் கருத்து. தென்கிழக்கு ஆசியாவின் இன்றைய அரசியலைக் கற்கப் புகும் மாணவர் முதலில் மனத்திற் கொள்ளவேண்டிய முதுமொழி இது. அங்கே சீனமும் அமெரிக்காவும் இரண்டு யானைகளாக எதிரெதிரே நிற்கின்றன. இடையில் இருப்பவை பதினொரு நாடுகள். அவை எவ்வாறு தம்மைக் காத்துக் கொள்கின்றன, எவ்விடத்தில் தடுமாறுகின்றன என்பதை இக்கட்டுரையில் ஒருவாறு ஆராய்வோம்.

நிலமும் மக்களும்

நண்பர்கள் ஒரு வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு இதனைப் படிப்பது நலம். மியான்மர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியத்நாம் ஆகிய ஐந்தும் ஆசியப் பெருநிலத்தைச் சார்ந்தவை. மலேசியாவின் ஒரு பகுதி தீபகற்பத்திலும், மறு பகுதி போர்னியோத் தீவிலும் உள்ளன. சிங்கப்பூர், புரூனை, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், கிழக்குத் திமோர் ஆகியவை தீவுகளில் அமைந்தவை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 கோடி மக்கள் வாழும் பகுதி இது.

இந்நாடுகளைப் பிணைக்கும் பொதுக் கயிறு எது என்று தேடினால் எளிதில் கிடைக்காது. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் நாடு இந்தோனேசியா. பிலிப்பைன்ஸ் மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். தாய்லாந்து, மியான்மர், கம்போடியா ஆகியவை பௌத்தம் தழைத்த நாடுகள். வியத்நாமிலும் லாவோஸிலும் பொதுவுடைமைக் கட்சியின் ஆட்சி. புரூனையில் சுல்தானின் ஆட்சி. சிங்கப்பூரில் ஆட்சிமொழிகள் நான்கு. அவற்றுள் நம் தமிழும் ஒன்று. பழைய ஆண்டைகளும் வேறு வேறானவர்களே. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர், ஸ்பானியர், அவருக்குப்பின் அமெரிக்கர், போர்த்துகேயர் என்று ஒவ்வொருவரும் ஒரு பகுதியைப் பிடித்து ஆண்டனர். அயலார் ஆட்சிக்கு உட்படாது தப்பியது தாய்லாந்து ஒன்றே.

ஆயினும், எல்லோருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. அதுதான் கடல். சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்திற்கும் இடையே உள்ள மலாக்கா நீரிணை, சிங்கப்பூருக்கு அருகில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் அளவுக்குக் குறுகிவிடுகிறது. மேற்காசியாவிலிருந்து சீனத்திற்கும் ஜப்பானுக்கும் செல்லும் எண்ணெய்க் கப்பல்களில் பெரும்பாலானவை இந்த வாயில் வழியே புகுகின்றன. இந்நீரிணையின் வட முகப்பில் உள்ள கெடா மாநிலமே, நம் சோழர் கல்வெட்டுகள் கூறும் கடாரம் என்பர் வரலாற்றறிஞர். அன்று வணிகர் நாடிய அதே வழியைத்தான் இன்று வல்லரசுகளும் நாடுகின்றன.

ஆசியான் பிறந்த கதை

1954-இல் மணிலாவில் தென்கிழக்கு ஆசிய உடன்படிக்கை அமைப்பு தோன்றியது. பெயர் தென்கிழக்கு ஆசியா என்றிருந்தும், அப்பகுதியிலிருந்து அதிற் சேர்ந்தவை தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் மட்டுமே. ஏனைய உறுப்பினர் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் முதலிய நாடுகள். வெளியார் கட்டிய அந்த வீடு 1977-இல் கலைக்கப்பட்டது.

உள்ளூரார் கட்டிய வீடு வேறு. 1967 ஆகஸ்டு 8-ஆம் நாள் பாங்காக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூடி ஆசியான் என்னும் கூட்டமைப்பை நிறுவின. அந்த ஐவரும் ஒருவரை ஒருவர் நம்பியவர் அல்லர். இந்தோனேசியா 1963 முதல் 1966 வரை மலேசியாவை எதிர்த்துப் போராடியிருந்தது. 1965-இல் சிங்கப்பூர் மலேசியாவினின்று பிரிந்திருந்தது. சபா மாநிலம் தனக்கே உரியது என்று பிலிப்பைன்ஸ் வாதாடியது. இத்தகைய அண்டை வீட்டார் ஒரு கூரையின்கீழ் இருக்க வேண்டுமானால் இரண்டு விதிகள் தேவைப்பட்டன. ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடலாகாது என்பது ஒன்று. எல்லோரும் இசைந்தாலன்றி எந்த முடிவும் எடுக்கலாகாது என்பது மற்றொன்று.

இவ்விதிகள் பயன் தந்தன. 1984-இல் புரூனையும், 1995-இல் வியத்நாமும், 1997-இல் லாவோஸும் மியான்மரும், 1999-இல் கம்போடியாவும் சேர்ந்தன. 2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் பதினொன்றாவது உறுப்பினர் ஆயிற்று. ஒரு காலத்தில் எதிரெதிர் அணிகளில் நின்றவை ஒரே பந்தியில் அமர்ந்தது சிறிய செய்தியன்று.

பண்டம் ஒருபுறம், படை மறுபுறம்

2009 முதல் ஆசியானின் மிகப் பெரிய வாணிகக் கூட்டாளி சீனமே. 2021 டிசம்பரில் சீனத்தின் குன்மிங் நகரிலிருந்து லாவோஸின் தலைநகர் வியஞ்சான் வரை 1,035 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 2023 அக்டோபரில், சீனத்தின் கடனுதவியோடு அமைந்த அதிவேக இரயில் ஜகார்த்தாவுக்கும் பாண்டுங்குக்கும் இடையே ஓடத் தொடங்கிற்று. 1955-இல் ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் கூடி, வல்லரசுகளின் நிழலில் ஒதுங்க வேண்டியதில்லை என்று பேசிய ஊர் அந்தப் பாண்டுங்கே.

பாதுகாப்பு என்று வரும்போது பலர் அமெரிக்காவை நோக்குகின்றனர். பிலிப்பைன்ஸ் 1951-லேயே அமெரிக்காவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. 1992-இல் அமெரிக்கப் படைத்தளங்களை வெளியேற்றிய அதே நாடு, 2023-இல் அமெரிக்கப் படையினர் பயன்படுத்தத்தக்க இடங்களின் எண்ணிக்கையை ஐந்திலிருந்து ஒன்பதாக உயர்த்தியது. வியத்நாமின் நடையோ தனி. 1975 வரை அமெரிக்காவோடும், 1979-இல் சீனத்தோடும் போர் புரிந்த அந்நாடு, 2023 செப்டம்பரில் அமெரிக்க அதிபரை வரவேற்று உறவை மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றியது. மூன்றே மாதங்களில் சீன அதிபரையும் வரவேற்றது.

இதனை இரட்டை வேடம் என்று சிலர் இகழ்வர். அது சரியன்று. சந்தை ஒருவரிடமும் துணை மற்றொருவரிடமும் இருக்கும்போது, ஒரு கதவை அடைத்துவிட்டு வாழ்வது எளிதா? துணைவன் எப்போதும் துணைவனாகவே இருப்பான் என்பதும் உறுதியில்லை. 2025 ஏப்ரலில் அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரி வியத்நாமுக்கு 46 விழுக்காடு, கம்போடியாவுக்கு 49 விழுக்காடு. அவை பின்னர்க் குறைக்கப்பட்டன. எனினும், மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பதை அந்நாடுகள் நன்கு உணர்ந்தன.

கடலில் ஒரு சோதனை

ஒற்றுமையின் உரம் எவ்வளவு என்பதைத் தென் சீனக் கடல் காட்டிவிட்டது. 1982-இல் உருவான ஐ.நா. கடற்சட்டத்தின்படி, கரையோர நாடு ஒன்றுக்குக் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீனும் எண்ணெயும் எடுக்கும் உரிமை உண்டு. சீனமோ, ஒன்பது கீற்றுகளால் ஒரு கோடு வரைந்து, கடலின் பெரும்பகுதியில் தனக்கு உரிமை உண்டு என்கிறது. அந்தக் கோடு வியத்நாம், பிலிப்பைன்ஸ், மலேசியா, புரூனை, இந்தோனேசியா ஆகியவற்றின் கடலெல்லைகளை வெட்டிச் செல்கிறது.

ஸ்கார்பரோ என்னும் பாறைத்திட்டு பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சீனப் பெருநிலமோ 800 கிலோமீட்டருக்கு அப்பால். தலைமுறை தலைமுறையாகப் பிலிப்பைன்ஸ் மீனவர் வலை வீசிய அந்த இடம், 2012-இல் சீனக் கப்பல்களின் பிடிக்குள் போயிற்று. அடுத்த ஆண்டே பிலிப்பைன்ஸ் வழக்குத் தொடுத்தது. 2016 ஜூலை 12-ஆம் நாள் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. கோட்டின் பெயரால் கோரும் வரலாற்றுரிமைக்குச் சட்ட ஆதாரம் இல்லை. மீனவரைத் தடுத்ததும் முறையன்று என்றது தீர்ப்பு. சீனம் வழக்கிலும் கலந்துகொள்ளவில்லை, தீர்ப்பையும் ஏற்கவில்லை. ஏட்டில் உரிமை கிடைத்தது; கடலில் கிடைக்கவில்லை.

அந்த நெருக்கடியின்போது ஆசியான் என்ன செய்தது? 2012 ஜூலையில் கம்போடியாவின் தலைமையில் வெளியுறவு அமைச்சர்கள் கூடினர். தென் சீனக் கடலைப்பற்றி எழுதுவதா வேண்டாவா என்ற பூசலில் கூட்டறிக்கையே வெளிவரவில்லை. 45 ஆண்டுகளில் அவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை. எல்லோரும் இசையவேண்டும் என்ற விதி, ஒருவர் மறுத்தால் அனைவர் வாயையும் அடைத்துவிடும் விதியாக மாறிற்று. தலையிடாமை என்ற விதியும் அவ்வாறே சோதிக்கப்பட்டது. 2021-இல் மியான்மரில் படைத்தலைவர்கள் ஆட்சியைப் பறித்தபின் ஆசியான் வகுத்த ஐந்து அம்ச இணக்கம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றது. 2025-இல் தாய்லாந்தும் கம்போடியாவும் ஜூலையிலும் டிசம்பரிலும் எல்லையில் போரிட்டன.

செய்யக்கூடியது யாது?

அவ்வாறாயின் அவ்விதிகளைக் களைந்து, வாக்கெடுப்பால் முடிவு செய்யலாமே என்று கேட்கலாம். அது நடவாது. தோற்ற நாடு வெளியேறும். வெளியேறியதை ஒரு யானை அணைத்துக்கொள்ளும். வீட்டையே இடித்து ஒட்டடை போக்குவதை ஒக்கும் அது.

வேறு வழி உண்டு. அதனை அந்நாடுகளே காட்டியுள்ளன. மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளை பெருகியபோது, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் மற்றவர்களுக்காகக் காத்திராமல் 2004-இல் ஒருங்கிணைந்த கடற்காவலைத் தொடங்கின. பின்னர்த் தாய்லாந்தும் சேர்ந்தது. கொள்ளை குறைந்தது, காவலுக்கு வெளியாரை அழைக்கவேண்டிய நிலையும் வரவில்லை. வியத்நாமும் இந்தோனேசியாவும் பன்னிரண்டு ஆண்டுகள் பேசி, 2022 டிசம்பரில் தம் கடலெல்லையைச் சட்டப்படி வகுத்துக்கொண்டன. பாதிக்கப்பட்டவர்கள் முதலில் தமக்குள் வழக்கைத் தீர்த்துக்கொண்டு, பிறகு ஒரே குரலில் பேசுவது என்பதே இவை கற்பிக்கும் பாடம். தமக்குள் எல்லைத் தகராறு இருக்கும் வரை, வெளியார் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசுவர். தனியே சென்றவன் விலை பேசும் வலிமை அற்றவன்.

நமக்கு என்ன?

இஃது அயலார் கதை என்று நாம் இருந்துவிட இயலாது. பெரிய நிக்கோபாரின் தென்முனையிலிருந்து இந்தோனேசியாவின் ரொண்டோத் தீவு 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவிலேயே உள்ளது. 2019-இல் இந்தியா அப்பகுதியின் பெரிய வாணிக உடன்பாட்டினின்று விலகியது. மற்ற பதினைந்து நாடுகள் 2020-இல் அதிற் கையொப்பமிட்டன. அதே இந்தியா 2024-இல் பிலிப்பைன்ஸுக்குப் பிரமோஸ் ஏவுகணைகளை அனுப்பியது. வாணிகத்தில் விலகி நின்று பாதுகாப்பில் மட்டும் நெருங்குவது போதுமா என்பது நம் மன்றங்களில் விவாதிக்கத் தக்க வினா.

வல்லரசுகளின் கண்கொண்டு மட்டும் உலகைப் பார்க்கப் பழகிவிட்டோம். எந்த யானை வெல்லும் என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். ஸ்கார்பரோவில் வலையோடு திரும்பி வந்த மீனவனுக்கு அந்தக் கேள்வியால் பயனில்லை. அடுத்த முறை வரைபடத்தை விரிக்கும்போது, சருகுமான் நிற்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை பார்ப்போம்.