எந்தப் பாடம் என்று தெரியாதபோது எந்தப் பல்கலைக்கழகம்?

பிளஸ் டூ முடிவுகள் வந்ததும் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். இங்கேயே தில்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா, சென்னைக்கு அனுப்பி அண்ணா பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதா? பெற்றோர் இரவு பகலாக விவாதிக்கிறார்கள். பிள்ளையைக் கேட்டால், "என்ன படிக்கிறதுன்னே இன்னும் தெரியலை" என்கிறது. உடனே வீட்டில் கவலை சூழ்ந்துவிடுகிறது.

பதினேழு வயதில் அது தெரியாமலிருப்பது குற்றமில்லை. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1952ல் சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர். நம்மைப் போன்ற வெளிமாநிலத் தமிழ்க் குடும்பம்தான். 1971ல் பரோடாவில் பௌதிகத்தில் பி.எஸ்ஸி., 1976ல் அமெரிக்காவின் ஓஹியோவில் பௌதிகத்திலேயே டாக்டர் பட்டம். அதற்குப் பிறகுதான் உயிரியல் படிக்க மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். 2009ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ வேதியியலில்!

அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் முடித்த பிறகே, தமக்கு உரியது பொறியியல் என்று உணர்ந்ததாகத் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்நாளில் குரோம்பேட்டை எம்.ஐ.டி., பி.எஸ்ஸி. முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டதால் அவருக்கு வழி கிடைத்தது. கட்டணத்துக்கு அவருடைய சகோதரி தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். மாறுவதற்கு ஒரு வாசல் இருந்தது, அதற்கு ஒருவர் விலையும் கொடுத்தார். இந்த இரண்டையும்தான் நாம் பார்க்க வேண்டும்.

ரயில்வேயில் வண்டி தடம் மாறுவது பாயிண்ட் இருக்கும் இடத்தில் மட்டும்தான். அதைத் தாண்டிய பிறகு மாற வேண்டுமென்றால் பின்னுக்கு வர வேண்டும், அல்லது அடுத்த ஸ்டேஷன் வரை போக வேண்டும். பிள்ளைக்குப் பாடம் தெரியவில்லை என்றால் பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிட்டு, அங்கே பாயிண்ட் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் அது நுழைவாயிலிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ கணிதத்துக்கு 100, பௌதிகத்துக்கும் வேதியியலுக்கும் 50 வீதம், மொத்தம் 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை போடுகிறார்கள். கவுன்சிலிங்கில் கல்லூரியையும் பிரிவையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் ஆண்டில் கணிதம், பௌதிகம், வேதியியல், ஆங்கிலம் எனப் பெரும்பாலும் பொதுவான பாடங்கள் வருவதைப் பார்த்து, "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள். பாடம் பொது என்பதால் பிரிவு மாறலாம் என்று ஆகிவிடாது. அதை நம்பிச் சேரக் கூடாது.

ஆனால் உங்கள் பிள்ளையின் குழப்பம் எலக்ட்ரிகலா, எலக்ட்ரானிக்ஸா என்பது மட்டும்தான் என்றால் தைரியமாகச் சேர்க்கலாம். சிக்னல் பிரிவில் இரண்டும் படித்தவர்கள் ஒரே ரிலே அறையில் ஒரே சர்க்யூட் படத்தை விரித்துவைத்து வேலை செய்ததை நான் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறேன். யார் எதைப் படித்தவர் என்று ஐந்து வருடத்துக்குப் பின் யாரும் கேட்பதில்லை. பொறியியலா, பொருளாதாரமா, சரித்திரமா என்ற குழப்பம் வேறு வகை. அந்தப் பிள்ளையைப் பொறியியலில் சேர்த்துவிட்டு, "நாலு வருஷம் பல்லைக் கடிச்சிக்கோ" என்பது நியாயமல்ல.

அப்படியானால் தில்லிப் பல்கலைக்கழகம்தான் சரி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். 2013ல் கொண்டுவந்து 2014ல் கைவிட்ட நான்கு ஆண்டுப் படிப்பை 2022ல் புதிய வடிவில் அங்கே மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரு பருவத்துக்கு 22 கிரெடிட். ஆனர்ஸில் சேர்ந்தால் முதல் பருவத்தில் 12 கிரெடிட் முதன்மைப் பாடத்துக்கே போகும். வேறு துறைப் பாடத்துக்கு 4 கிடைக்கும். அந்த நாலு நாலாகச் சேர்த்து ஒரே துறையில் 28 கிரெடிட் எடுத்தால் அது துணைப்பாடமாகச் சான்றிதழில் ஏறும். பௌதிகம் படித்துக்கொண்டே பொருளாதாரத்தைச் சுவைத்துப் பார்க்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் சுவை பிடித்துப்போய், "இனி பொருளாதாரமே என் முதன்மைப் பாடம்" என்றால் அங்கேயும் கதவு எளிதில் திறக்காது. ஓராண்டோடு நிறுத்தினாலும் சர்டிபிகேட் உண்டு என்கிறார்கள். அந்தக் காகிதத்தை நம்பி வேலை கொடுப்பவர் யார் என்று எனக்குப் புரியவில்லை.

உண்மையிலேயே முடிவு செய்யாத பிள்ளைக்கு அங்கே பொருத்தமானவை, கௌரவம் குறைவு என்று நாம் ஒதுக்கும் படிப்புகள்தான். பி.எஸ்ஸி. பிசிகல் சயன்ஸ் வகுப்பில் பௌதிகம், வேதியியல், கணிதம் மூன்றையும் சேர்த்தே படிக்கலாம். பி.ஏ. புரோகிராமில் இரண்டு துறைகள். "ஆனர்ஸ் இல்லையா?" என்று முகத்தைச் சுளிக்கும் மாமாக்களுக்கு நான் சொல்வது, மூன்று வருடம் கழித்து எம்.எஸ்ஸி.க்கு எந்தப் பக்கம் திரும்புவது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும் என்பதே. கணிதத்தோடு பி.எஸ்ஸி. முடித்தவர் தமிழ்நாட்டில் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. கலாம் போன வழிக்கு இன்றைய வடிவம் அது.

விஞ்ஞானம் என்பது உறுதி, எந்த விஞ்ஞானம் என்பதுதான் தெரியவில்லை என்றால் இந்த இரண்டையும் விட்டு, 2006 முதல் நடக்கும் ஐசர் நிலையங்களையும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இளநிலைப் படிப்பையும் பாருங்கள். முதல் சில பருவங்களில் எல்லாவற்றையும் படித்த பிறகு பிரிவதற்கென்றே அமைத்தவை அவை. நுழைவுத் தேர்வு கடினம்தான்.

இன்னொரு வகைக் குழப்பமும் உண்டு. எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் இரண்டு மாதம் "தெரியலை, தெரியலை" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பாட்டி ஒருநாள் தனியாக உட்காரவைத்து விசாரித்தபோது, சரித்திரம் படிக்கத்தான் ஆசை, அப்பா என்ன சொல்வாரோ என்று பயம் என்றாளாம். ஆகவே பல்கலைக்கழகங்களை ஒப்பிடும் முன், அப்பா இல்லாத நேரத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்ட பிறகும் தெரியவில்லை என்றால், இரண்டு இடங்களின் முதல் இரண்டு ஆண்டுப் பாடத்திட்டத்தையும் எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்து, எந்தப் பாடத்தைப் படிக்க ஆவல் வருகிறது என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள்.

இப்போது பதினோராம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள், தெரியாதவரை கணிதத்தை விடவே கூடாது. பொறியியலுக்கு மட்டுமல்ல, தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆனர்ஸுக்கும் சி.யு.இ.டி. தேர்வில் கணிதம் எழுதியாக வேண்டும். கணிதம் வைத்திருந்தவர் பிறகு சரித்திரத்துக்குப் போகலாம். திரும்பி வருவதுதான் முடியாது.

சென்னையையும் பட்டியலில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை வெளிமாநிலத்தில் படித்த பிள்ளைக்குத் தமிழ்நாட்டு நேட்டிவிட்டி சான்றிதழ் தேவை. ஒதுக்கீடு கோருவோருக்குத் தமிழ்நாட்டில் பெற்ற சாதிச் சான்றிதழும் வேண்டும். இரண்டுக்கும் இ-சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். தாத்தா காலத்துப் பத்திரம், தகப்பனாரின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஊரில் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று டிசம்பர் விடுமுறைக்குப் போகும்போதே பார்த்துவையுங்கள். ஜூன் மாதத்தில் தேடினால் கிடைக்காது.