ஸ்பிளிண்ட் வாங்குமுன் நடந்து காட்டுங்கள்

குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடம் லோயர் கேம்ப். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் நிறைந்த பகுதி. இங்கே ஒருவருக்குக் கால் விளங்காமல் போனால் நடையோடு கூலியும் போகிறது. அந்த அவசரத்தில் கைக்குக் கிடைத்த கருவியை வாங்கி மாட்டிவிடுகிறோம்.

நம்பிக்கை: “வாதம் வந்து பாதம் தொங்கினால் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் போட வேண்டும். செருப்பு சைஸ் சொன்னால் கடையிலேயே தருவார்கள்.”

பாதம் தொங்குவதில் இரண்டு விதம் உண்டு. பாதத்தைத் தூக்கும் தசை சோர்ந்து கிடக்கலாம். அதற்கு வளைந்து கொடுக்கும் மெல்லிய ஸ்பிளிண்ட் போதும். கெண்டைத் தசை முறுக்கிக்கொண்டு பாதத்தை உட்பக்கமாக இழுக்கலாம். அதற்கு மெல்லியது தாங்காது, கணுக்காலை அசையவிடாத விறைப்பான வகை வேண்டியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முழங்காலை நீட்டி ஒரு முறை, மடக்கி ஒரு முறை, பாதத்தைக் கையால் மேலே மடக்கிப் பார்க்கிறவருக்குத்தான் வித்தியாசம் பிடிபடும். தசையின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். காலின் எடையைத் தானே தூக்க முடிந்தால் 3. பிறகு தொடுவுணர்ச்சி, முழங்கால், இடுப்பு, கடைசியில் நடை. இத்தனையும் பார்த்த பிறகு எழுதுவதுதான் சீட்டு.

இதில் தரையும் சேர வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். விறைப்பான ஸ்பிளிண்ட்டோடு இறக்கத்தில் குதிகாலை ஊன்றினால் பாதம் தரையில் படிய முடியாது. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி முன்னே தள்ளப்பட்டு முழங்கால் சட்டென்று மடங்கும். தொடைத் தசை பலமில்லாதவர் அங்கேயே விழுவார். ஏற்றத்தில் நேர்மாறாக முழங்கால் பின்னுக்குப் போகும். ஆஸ்பத்திரியின் வழவழப்பான தரையில் நன்றாக நடந்தவர் சொந்தத் தெருவில் தடுமாறுவது இதனால்தான். வீட்டுக்கு எத்தனை படி, தரையில் சம்மணம் போட்டா சாப்பிடுகிறீர்கள், குத்தவைத்து வேலை செய்வீர்களா, செருப்பில்லாமல் நடப்பீர்களா என்று அளவெடுப்பவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

நம்பிக்கை: “கோணலாக இருப்பதை நிமிர்த்துவதுதான் கருவியின் வேலை.”

எப்போதும் அப்படியில்லை. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமி கடைசியாக ஒரு குழந்தையைத் தாக்கியது 2011 ஜனவரியில். அதற்கு முன்பே, சிறு வயதில் பாதிக்கப்பட்ட பலர் இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். அவர்களில் சிலர் குதிகால் படாமல் முன்பாதத்தில் ஊன்றி நடப்பார்கள். பார்ப்பவருக்கு அது குறை. ஆனால் தொடைத் தசை செத்துப்போன ஒருவருக்கு, இறுகிப்போன அந்தக் குதிகால் தசைநார்தான் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி நிற்க வைக்கிறது. கணுக்காலை மட்டும் நேராக்கும் கருவியை மாட்டினால் பூட்டு அவிழ்ந்துவிடும். இத்தனை வருடம் நடந்தவர் விழுவார். எதைத் திருத்தக் கூடாது என்று அறிவதும் பரிசோதனையின் பாதி.

நம்பிக்கை: “குழந்தைக்குத் தட்டைப் பாதம், உடனே பூட்ஸ் வேண்டும்.”

வலியில்லாத, நுனிக்காலில் நின்றால் வளைவு தெரிகிற பாதத்துக்கு அநேகமாக எதுவும் வேண்டாம். மணிப்பாலில் 2,300 குழந்தைகளைப் பார்த்து 1992-இல் வெளியான ஆய்வில், காலணி அணிந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்கும் வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கும் மட்டுமே தட்டைப் பாதம் இருந்தது.

நம்பிக்கை: “வலிக்கவில்லை, அதனால் பொருந்திவிட்டது.”

இதுதான் எனக்கு அதிகப் பயம் தருவது. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொழுநோயாளிகளின் பாதங்களைக் கவனித்து, அவை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுச் சிதைகின்றன என்று காட்டினார். அந்த வழியில்தான் நுண்துளை ரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு பரவலாயிற்று. சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்துக்கும் இதே கதிதான். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையை வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்காமல் அந்தக் காலுக்கு ஸ்பிளிண்ட் எழுதக் கூடாது.

புதுக் கருவியை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்துக்குப் பிறகும் மறையவில்லை என்றால் அந்த இடத்தில் கருவி அழுத்துகிறது. பஞ்சு திணிக்காமல், வீட்டிலேயே சூடு காட்டி வளைக்காமல், செய்து கொடுத்தவரிடமே திரும்ப எடுத்துப் போங்கள்.